.315 ரைஃபிள் மக்கர் பண்ணினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் உரிமத்தோடு போல்ட் ரைஃபிள் (போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) வைத்திருப்பவர்களிடம் பேசினால் பேச்சு சீக்கிரமே .315 அங்குல ரைஃபிளுக்கு வந்துவிடும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படும் இது பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் வம்சம். தோட்டா 8×50 ஆர் மான்லிகர் வகை. ராணுவம் பயன்படுத்திய .303 தனியாருக்குத் தடை என்பதால் இந்த அளவு இங்கே நிலைத்துவிட்டது. வேட்டைத் துப்பாக்கி என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. வீட்டுப் பாதுகாப்பும் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) பயிற்சியும்தான் இதன் வேலை.

விலை குறைவான ரைஃபிள் என்றாலே இரும்பில்தான் கோளாறு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். எண்ணெய், ஈரம், தளர்ந்த திருகு, பழைய தோட்டா ஆகிய நான்கையும் பார்த்து முடிக்கும் வரை இரும்பைச் சந்தேகப்படாதீர்கள். அரத்தைக் கையில் எடுத்த பிறகு திரும்பி வர வழியில்லை.

எந்தச் சோதனைக்கும் முன்: மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றுங்கள். போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுங்கள். சேம்பரை (சுடும்போது தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில், பூட்டுக்குள் இருக்கட்டும். மச்சு வைத்த வீட்டில் துப்பாக்கியின் வாயை மேல்நோக்கிப் பிடிப்பது பாதுகாப்பாகாது, மேலே ஆள் இருப்பார்கள். மண் நிறைந்த சாக்கு ஒன்றைச் சுவரோரம் வைத்து அதை நோக்கியே பிடியுங்கள். வீட்டில் செய்யும் எந்தச் சோதனைக்கும் உயிர்த் தோட்டா வேண்டாம். டம்மி (மருந்தில்லாத போலித் தோட்டா), அல்லது அதே ரைஃபிளில் சுட்ட காலி உறை போதும்.

ட்ரிக்கர் இழுத்தால் ‘க்ளிக்’ மட்டும் கேட்கிறது

போல்ட்டைத் தூக்காதீர்கள். வாயை இலக்குப் பக்கமே வைத்து 60 விநாடி காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. பூட்டு திறந்த நிலையில் அது வெடித்தால் உறை உங்கள் முகத்துக்குத்தான் வரும்.

பிறகு தோட்டாவை எடுத்து அடியில் உள்ள பிரைமரை (அடிபட்டதும் பொறி தரும் சிறு மூடியை) பாருங்கள்.

பள்ளமே இல்லையென்றால் போல்ட் கைப்பிடி முழுக்கக் கீழே இறங்கவில்லை, அல்லது பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் உடைந்திருக்கிறது. கைப்பிடி சில மில்லிமீட்டர் மேலே நின்றாலும் பின் முழு வேகத்தில் முன்னே வராது.

பள்ளம் நன்றாக ஆழமாக, நடுவில் விழுந்தும் வெடிக்கவில்லையென்றால் குற்றம் தோட்டாவுடையது. அதே பெட்டியில் இன்னொன்றும் அப்படியே போனால் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். வெடிக்காத தோட்டாவைப் பிரிக்காதீர்கள், புதைக்காதீர்கள், கிணற்றில் போடாதீர்கள். உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் ஒப்படைப்பதுதான் வழி.

பள்ளம் ஆழமில்லாமல் லேசாகத் தொட்டதுபோல் இருந்தால், நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கைக்குக் கிடைக்கின்றன என்பதால் அதையே துப்பாக்கிக்கும் போடும் பழக்கம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வெண்ணெய்க்குள் கிடக்கிறது என்று பொருள். நல்லெண்ணெய் உறையாது, ஆனால் மாதக்கணக்கில் காற்றுப் பட்டு வார்னிஷ் மாதிரி பிசுபிசுத்துப் படிந்துவிடும். இரண்டுமே ஃபயரிங் பின்னின் வேகத்தைத் தின்றுவிடும்.

சுத்தம் செய்யும் முறை இது. போல்ட்டைக் கழற்றுங்கள்: முழுக்கப் பின்னால் இழுத்து, போல்ட் தலையை (போல்ட்டின் முன்முனைத் துண்டை) வலப்பக்கத் தண்டவாளத்திலிருந்து மேலே தூக்கி உருவினால் வரும். போல்ட் தலையைக் கையாலேயே திருகிக் கழற்றலாம். ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் 100 மி.லி. மினரல் டர்பன்டைன் ஊற்றி, போல்ட் உடலின் முன்பக்கத்தை அரை மணி ஊறவையுங்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும். பெட்ரோல் வேண்டாம். மெல்லிய பிரஷ்ஷால் உள்ளே தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. அதற்கு மேல் விடுவது மறுபடியும் தூசிக்குப் பாய் விரிப்பதுதான். செட்டிநாட்டுச் செம்மண் தூசி பட்டுப்போல மெல்லியது. எண்ணெயில் குழைந்தால் அரைக்கும் பசையாகிவிடும்.

ஃபயரிங் பின்னை முழுவதும் கழற்ற அதற்கென்று தனிக் கருவி வேண்டும். குறட்டால் பிடித்துத் திருகினால் பின் வளையும். சுத்தம் செய்த பிறகும் பள்ளம் லேசாகவே விழுந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது பின்னின் நுனி தேய்ந்திருக்கலாம். நுனி போல்ட் முகத்துக்கு வெளியே ஏறக்குறைய 1 மி.மீ. நீள வேண்டும். அதை அளந்து சரிசெய்வது பழுது பார்ப்பவர் வேலை.

சத்தம் மந்தம், தோளில் அடி இல்லை

உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டா சுட்டால் பேரல் வெடிக்கும். மேலே சொன்னபடி காத்திருந்து, போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லையென்றால் வீட்டுக் கம்பியால் குத்தாதீர்கள். அப்படியே பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும்.

போல்ட் மூடும்போது இறுக்கம்

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். லீ-என்ஃபீல்ட் வகையில் ஸ்பிரிங் இறுகுவது போல்ட்டை முன்னே தள்ளும்போது, கடைசிக் கட்டத்தில். அந்த எதிர்ப்பு இருக்கத்தான் வேண்டும். காலி சேம்பரில் மூடிப் பாருங்கள், பிறகு அதே ரைஃபிளில் சுட்ட காலி உறையை வைத்து மூடிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு எதிர்ப்பு என்றால் கோளாறு இல்லை. உறை வைத்தால் மட்டும் இறுகினால் சேம்பரில் அழுக்கு, அல்லது உறை நசுங்கியிருக்கிறது.

காலியாக இருக்கும்போதே உள்ளே போக மறுத்தால் போல்ட் தலையைக் கவனியுங்கள். சுத்தம் செய்து திரும்ப மாட்டும்போது அதை ஒரு சுற்று குறைவாகத் திருகிவிடுவது சாதாரணமாக நடக்கும். முழுக்கத் திருகி, போல்ட்டின் மேல் நீளமாக ஓடும் மேட்டுக்கு நேராகத் தலை நிற்க வேண்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் எண்ணைப் பாருங்கள். போல்ட் கைப்பிடியில் இருக்கும் எண்ணும் ரைஃபிள் உடலில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரிடமும் .315 இருந்து, தேர்தலுக்கு ஒப்படைத்த இரண்டும் ஒரே நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பும் வீடுகளில் போல்ட் மாறிப்போக வாய்ப்பு அதிகம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் உடலுக்குப் பொருத்தப்பட்டது. மாற்றிப் போட்டுச் சுடுவது ஆபத்து.

சுட்ட பிறகு போல்ட் மேலே வரவில்லை

சித்திரை, வைகாசியில் ரேஞ்சில் இது அதிகம் தலைகாட்டும். தோட்டாப் பெட்டி வெயிலில் நிறுத்திய காரில் கிடந்திருக்கும். வெப்பம் ஏறிய மருந்து அதிக அழுத்தம் தரும். பெட்டியை நிழலில், ஈரத் துணியின் மேல் அல்லாமல் ஒரு மரப்பலகை மேல் வையுங்கள். வேகமாக நாலைந்து சுட்ட பிறகு சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

வெயில் காரணமில்லையென்றால் சேம்பரில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். இந்த வகைப் போல்ட்டின் பூட்டுக் காதுகள் (போல்ட்டை உடலோடு பூட்டும் முண்டுகள்) பின்பக்கம் இருக்கின்றன. சுடும்போது பித்தளை உறை விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் பின்தள்ளலின் ஒரு பகுதி குறைகிறது. எண்ணெயோ தண்ணீரோ இருந்தால் அந்தப் பிடி கிடைக்காமல் சுமை முழுதும் போல்ட்டின் மேல் இறங்கும். அதனால் சுடுவதற்கு முன் சேம்பரையும் பேரலையும் உலர்ந்த துணியால் துடைத்தே ஆக வேண்டும். தோட்டாவுக்கு எண்ணெய் தடவுவது பராமரிப்பே அல்ல.

இறுகிய போல்ட்டைச் சுத்தியலால் தட்டாதீர்கள். சில நிமிடம் ஆறவிட்டு, உள்ளங்கையால் தட்டித் தூக்கிப் பாருங்கள். வெளியே வந்த உறையில் பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ, அதைச் சுற்றிக் கறை கசிந்திருந்தாலோ அன்றைய பயிற்சி முடிந்தது. உறையில் நீளவாக்கில் கீறல் கோடுகள் இருந்தால் சேம்பர் உட்புறம் சொரசொரப்பு அல்லது துருக்குழி. அதை மெருகிடுவது வீட்டு வேலை அல்ல.

காலி உறை வெளியே விழவில்லை

போல்ட்டோடு உறை வருகிறதா, சேம்பரிலேயே நிற்கிறதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நின்றால் கோளாறு எக்ஸ்ட்ராக்டரில், அதாவது உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியில். போல்ட் முகத்தில் காலி உறையின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குள் செருகி, போல்ட்டைச் சாய்த்துப் பாருங்கள். உறை விழாமல் தொங்க வேண்டும். விழுந்தால் நகத்துக்கு அடியில் மண்ணோ பித்தளைத் துகளோ அடைந்திருக்கும். பல் குத்தும் குச்சியால் கிளறி எடுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையென்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.

உறை போல்ட்டோடு வந்து உள்ளேயே உருண்டு கிடந்தால் நீங்கள் மெதுவாக இழுத்திருக்கிறீர்கள். இந்த வகையில் பின்னே வரும் உறை இடப்பக்கச் சுவரில் மோதித்தான் வெளியே தெறிக்கிறது. கடைசி வரை சுருக்கென்று இழுங்கள். காலி உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை தோட்டா வாங்கும்போது கணக்குக் கேட்கும் இடங்கள் உண்டு.

இரண்டாவது தோட்டா மேகசினிலேயே மாட்டுகிறது

.315 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றாக மேலிருந்து அழுத்தி, கடைசியில் சற்றே முன்பக்கம் தள்ளி ஏற்றினால் சரியாகும். அதற்குப் பிறகும் மாட்டினால் மேகசின் உதடுகளைப் பாருங்கள். கீழே விழுந்த மேகசினில் அவை வளைந்திருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் தெரியும். நீங்களே நிமிர்த்தாதீர்கள், அந்தத் தகடு ஒரு முறை வளைந்து திரும்பினால் பலமிழக்கும்.

உறையில் பளபளக்கும் வளையம், வெடிப்பு

இரண்டும் வேறு வேறு நோய்.

சுட்ட உறையின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவு மேலே, சுற்றிலும் பளிச்சென்ற வளையம் தெரிந்தால் உறை அளவுக்கு மீறி நீண்டிருக்கிறது. ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட் முகத்துக்கும் உறையின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) கூடிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அடுத்தது உறை இரண்டாகப் பிரிவதுதான். ரைஃபிளை நிறுத்திவிட்டு கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் போல்ட் தலையை மாற்றினால் சரியாகிவிடும்.

சுடாத தோட்டாவின் கழுத்திலேயே நீளவாக்கில் மெல்லிய வெடிப்பு இருந்தால் அது ரைஃபிளின் குற்றமில்லை. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் இப்படி வெடித்தன. காரணம் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளையைப் பிளந்தது என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில் தோட்டா வைப்பவர்களுக்கு இன்றும் அதே கதிதான். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ், குத்துவிளக்குக்குப் போடும் புளி, எலுமிச்சை எதுவும் தோட்டா பக்கம் போகக் கூடாது. கறுத்த தோட்டாவை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், மினுக்க வேண்டியதில்லை.

குறி தப்புகிறது

இங்கேதான் நேரமும் தோட்டாவும் அதிகம் வீணாகின்றன, ஏனென்றால் எல்லோரும் முதலில் குறிபார்க்கும் ஸைட்டைத்தான் தட்டுகிறார்கள். ஸைட் கடைசியாகத் தொட வேண்டியது.

சோதனைக்கு இடம் அங்கீகரிக்கப்பட்ட ரேஞ்ச் மட்டுமே. கண்மாய்க்குள்ளோ தைலமரக் காட்டிலோ சுட்டுப் பார்ப்பது சட்ட மீறல். 8 மி.மீ. குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும்.

50 மீட்டரில், மேசையில் மணல் மூட்டை வைத்து, ஒரே பெட்டித் தோட்டாவில் 5 சுடுங்கள். பேரல் உலர்ந்திருக்கட்டும். எண்ணெய் படிந்த பேரலின் முதல் குண்டு எப்போதும் தனியாகப் போகும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடம் விடுங்கள். பேரல் கையால் தொடமுடியாத சூடானால் நிறுத்துங்கள்.

ஐந்தும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்து, ஆனால் வேறு இடத்தில் விழுந்தால் ரைஃபிள் நன்றாக இருக்கிறது, ஸைட்டைத் திருத்தினால் போதும். ஐந்தும் சிதறினால் ஸைட்டைத் தொடவே கூடாது.

சிதறலுக்குக் காரணம் தேடும் வரிசை: ட்ரிக்கர் கார்டின் (ட்ரிக்கரைச் சுற்றிய வளையத்தின்) முன் திருகு, பின் திருகு, தோளில் வைக்கும் பின்கட்டையின் உள்ளே ஓடும் நீண்ட போல்ட். ஆடி வெயிலில் மரம் சுருங்கி இவை தளரும், ஐப்பசி மழையில் மரம் ஊதி மறுபடி இறுகும். ஒரே ரைஃபிள் இரண்டு பருவத்தில் இரண்டு இடத்தில் அடிப்பதற்கு இதுதான் காரணம். பிளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால், கை மணிக்கட்டு பலத்தில் நிற்கும்வரை இறுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: லீ-என்ஃபீல்ட் வகையில் பல மாடல்களில் பின்கட்டைப் போல்ட்டின் நுனி முன்கட்டைக்குள் பூட்டிக்கொண்டிருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அந்தப் போல்ட்டைத் திருப்பினால் முன்கட்டை பிளந்துவிடும். உங்கள் மாடல் எது என்று தெரியாதவரை அதைத் தொடாதீர்கள்.

அடுத்து பேரல் வாய். விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் அளவு அடி பட்டிருந்தாலே குண்டு திசைமாறும். க்ளீனிங் ராடை முன்பக்கமிருந்து விட்டுத் தேய்த்த ரைஃபிள்களில் இந்த விளிம்பு ஒருபக்கம் தேய்ந்திருக்கும். இந்த ரைஃபிளில் போல்ட் கழன்று வருவதால் பின்னாலிருந்தே சுத்தம் செய்யலாம். அப்படியே செய்யுங்கள்.

பிறகு பேரலின் உட்புறம். உட்சுவரின் சுருள் பள்ளங்களில் செம்பு நிறப் படலம் தெரிந்தால் செம்பு கரைப்பானை நனைத்த துணியை விட்டு 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். துணி நீலமாக வரும். நீலம் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அந்தக் கரைப்பானில் அம்மோனியா இருக்கும், தோட்டா அருகில் இருக்கக் கூடாது. முன்கட்டையைச் சுரண்டிப் பேரலை எங்கும் தொடாமல் விடும் முறை வீடியோக்களில் பரவலாக இருக்கிறது. அது ஒற்றைக் கட்டை ரைஃபிளுக்கானது. இந்த வகைக் கட்டையில் பேரல் எங்கே தாங்க வேண்டும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இருக்கிறது.

இனி ஸைட். பின் ஸைட்டை, குண்டு போக வேண்டிய பக்கமே நகர்த்த வேண்டும். முன் ஸைட்டை எதிர்ப்பக்கம். எவ்வளவு என்பதற்குக் கணக்கு உண்டு: விலகலை இரண்டு ஸைட்டுக்கும் இடையே உள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். ஸைட்டுகளுக்கு இடையே 50 செ.மீ., இலக்கு 50 மீட்டர், விலகல் 10 செ.மீ. என்றால் நகர்த்த வேண்டியது 1 மி.மீ. மட்டும். பென்சிலால் பழைய இடத்தைக் கோடிட்டுவிட்டு, பித்தளைக் கம்பி வைத்து லேசாகத் தட்டுங்கள்.

துரு

தேர்தல் நடத்தை விதி அறிவித்ததும் ஆயுதம் ஸ்டேஷனுக்கோ உரிமம் பெற்ற கடைக்கோ போகும். திரும்பி வரும்போது துருவோடு வருவது பல வீடுகளில் தீராத மனக்குறை. ஒப்படைக்கும் முன் அரை மணி செலவழித்தால் இதைத் தவிர்க்கலாம். பேரலைச் சுத்தம் செய்து, எண்ணெய் நனைத்த துணியை ஒருமுறை விட்டு, வெளி இரும்பில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள். துணி உறையிலோ தோல் உறையிலோ வைத்து ஒப்படைக்காதீர்கள், அவை மழைக்காலத்தில் ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். உடல் எண், போல்ட் எண் இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கிய அன்றே கிரீஸைத் துடைத்துப் பேரலைப் பாருங்கள். கிரீஸோடு சுடக் கூடாது.

வீட்டில் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் வைப்பவர்கள், ஐப்பசி முதல் மார்கழி வரை சுண்ணாம்புச் சுவர் ஈரம் விடும் என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே 250 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வையுங்கள். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் அவனில் வைத்தால் மறுபடி பயன்படும். கட்டை சுவரில் சாயாமல் நடுவில் நிற்கட்டும்.

மேல் துருவுக்கு எண்ணெயும் மிக மெல்லிய ஸ்டீல் வுல்லும் போதும், மெதுவாக. உப்புத்தாள், எலுமிச்சை, புளி எல்லாம் நீலப்பூச்சையும் சேர்த்து உரித்துவிடும்.

பேரலுக்குள் சுட்ட மறுநாளே துரு பூத்தால் தோட்டாவின் பிரைமரைச் சந்தேகப்படுங்கள். பழைய வகை பிரைமரில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. அது உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எண்ணெயில் கரையாது. தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே, போல்ட்டைக் கழற்றி, சேம்பர் பக்கம் புனல் வைத்து ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். போர் தண்ணீர் உவராக இருக்கும் ஊர்களில் குடிதண்ணீரைக் காய்ச்சுங்கள், இல்லையேல் உப்பைக் கழுவ உப்பையே ஊற்றியதாகும். சூடு இருக்கும்போதே உலர்ந்த துணிகளை விட்டு, துணி வறண்டு வரும்வரை துடைத்து, ஆறியதும் எண்ணெய்.

ட்ரிக்கரும் சேஃப்டியும்

ட்ரிக்கர் இரண்டு கட்டமாக இழுபட வேண்டும். முதல் கட்டம் காணாமல் போனாலோ, காலி ரைஃபிளை ஸ்பிரிங் இறுக்கி வைத்து அடிக்கட்டையைக் கோரைப்பாய் மேல் இலேசாகத் தட்டினால் ஸ்பிரிங் தானாக விடுபட்டாலோ, சேஃப்டி போட்டபிறகும் ட்ரிக்கர் வேலை செய்தாலோ ரைஃபிளை எடுக்காதீர்கள். இந்த மூன்றுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது உரிமப் புத்தகம், சிக்கல் கொடுத்த மூன்று நான்கு காலி உறைகள், சிதறல் பதிந்த இலக்குத் தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். பழுது பார்ப்பவர் தோட்டா வேண்டாம் என்றால் கொண்டுபோகாதீர்கள். அழுக்கைத் துடைத்து மினுக்கிக் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. கறை எங்கே படிந்திருக்கிறது என்பதே பழுது பார்ப்பவருக்குப் பாதி விடை. ரசீதில் உடல் எண், போல்ட் எண், கொடுத்த தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.